கலெக்டருக்கு ஒன்றரை மணி நேரம்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. ஒரு மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளுடையது. அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை. நான் என் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அது என்ன மருந்துக்கான சீட்டு என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமலும் விடுவேன். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் கால்நடை மருத்துவமனைச் சீட்டு. கடைக்காரர் அதைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் படித்துவிட்டு ஒரு நீளமான நோட்டை எடுத்து விரித்தார். அந்த மாதிரி மாத்திரையைப் பெயர் எழுதாமல் கொடுக்க முடியாது.

“பேஷன்ட் பேரு?”

“கலெக்டருங்க.”

“வேலைய கேக்கலமா. பேரு.”

“பேருதாங்க கலெக்டரு.”

“வயசு?”

“நாலு.”

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான் போலிருக்கிறது, ஏனென்றால் அந்த அம்மாள் திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

“இன்னா சார் சிரிப்பு. நாய்க்கு பயம் வரக்கூடாதா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வரிசையை விட்டு விலகி வேறு கடைக்குப் போனேன். அவர் சீட்டில் எழுதியிருந்த மாத்திரையும் என் சட்டைப்பைக்குள் நான்காக மடிந்திருந்த சீட்டில் எழுதியிருந்த மாத்திரையும் ஒன்று.

(சொல்லாமலும் விடுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. என் வாய் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.)

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

ஒன்று: “கல்வராயன் மலையின் மடியில் பனி விலகாத அந்த அதிகாலையில், எங்கிருந்தோ ஒரு நாயின் ஓலம்...”

இதில் யாரும் அதிகாலையில் பனியைப் பார்க்க எழுந்திருக்கப் போவதில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை, ‘ஓலம்’ நன்றாக இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.

இரண்டு: “மனித மனத்தின் அச்சங்களை விலங்குகளின் அச்சங்களோடு ஒப்பிடும்போது நாம் முதலில் கவனிக்க வேண்டியது...”

இதை எழுதியவனை எனக்குத் தெரியும். மருந்துக்கடையில் சீட்டை மடித்து ஒளித்தவன்.

மூன்று: “கலெக்டர் பச்சமுத்துவின் கெண்டைக்காலைக் கடித்தார்.”

இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இந்த வாக்கியத்தோடு எந்தப் பத்திரிகையும் என் கதையைப் போடாது.

3

எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து பத்திர எழுத்து. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு இருபத்தாறு வருடமாகக் கிரயமும் அடமானமும் உயிலும் எழுதுகிறேன். நான்கு பக்க எல்லையைச் சொல்லாமல் ஒரு வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே:

களமருதூர் கிராமத்தில் பாவாடை என்பவரும் அவர் மனைவி செல்லியம்மாளும் குடியிருக்கும் ஓட்டு வீட்டுக்குச் செக்குபந்தியாவது: சுடுகாட்டுப் பாதைக்கு மேற்கு. ராமசாமியின் மாடிவீட்டுப் பின்பக்கச் சன்னலுக்குக் கிழக்கு. வாய்க்காலுக்கு வடக்கு. நாய் கட்டியிருக்கும் வேப்பமரத்துக்குத் தெற்கு.

பாவாடை கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போன இடத்திலிருந்து கிழங்கு லாரியில் வந்த குட்டி அது. கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்த வாரம். இரண்டு நாள் லாரி மயக்கம் தெளியாமல் கிடந்தது. மூன்றாம் நாள் எழுந்து, தெரு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்வையிட்டு, எதையும் செய்யாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. பெயர் தானாக அமைந்துவிட்டது.

இருவரும் கூலி வேலைக்காரர்கள். பெரும்பாலும் அந்த மாடிவீட்டு ராமசாமியின் கழனியில்தான் வேலை. ஆனால் பாவாடைக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு. சாவுக்கு வெடி வைப்பவர் அவர்தான். மூச்சு நின்றதும் அந்த வீட்டு வாசலில் முதல் வெடி போக வேண்டும். கழனியில் குனிந்திருக்கிறவர்கள் அந்தச் சத்தத்தில்தான் நிமிர்ந்து, யார் என்று கணக்குப் போடுவார்கள். அதன்பிறகு சுடுகாடு வரைக்கும் வழியெல்லாம் வெடி. இருபது வருடத்தில் பாவாடை கையில் ஒரு திரிகூட நமுத்தது இல்லை. இதை அவரே சொல்வார், கேட்காமலே சொல்வார்.

கலெக்டருக்கு உலகத்தில் ஒரே ஒரு பொருளைக் கண்டால்தான் பயம். அது வெடி.

(நானாகக் கற்பனை செய்திருந்தால் வெடி வைக்கிறவர் வீட்டிலேயே வெடிக்குப் பயந்த நாயைக் கட்டியிருக்க மாட்டேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று பயந்திருப்பேன். இது செல்லியம்மாள் சொன்னது. நம்பாவிட்டால் களமருதூர் போய் அவரிடம் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.)

4

பங்குனியில் முனியன் என்ற பெரியவர் இறந்தார். பாடை தன் வீட்டைத் தாண்டும்போது பாவாடை ஒரு சரத்தைப் பற்றவைத்தார். கலெக்டர் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் பாடைக்கு அடியில் புகுந்து, முன்பக்கம் தோள் கொடுத்திருந்த பச்சமுத்துவின் கெண்டைக்காலைக் கடித்தது. பாடை சரிந்தது. முனியனின் வலது கை வேட்டிக்கு வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்து ஆடியது. போய்வருகிறேன் என்று சொன்ன மாதிரியே இருந்ததாம். உயிரோடு இருந்தபோது அவர் அவ்வளவு மரியாதை தெரிந்தவர் இல்லை.

இந்த இடத்தில் நாயின் மனதுக்குள் போய் ஒரு பத்தி எழுதினேன். நாயின் மனது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக் கிழித்தேன். பிறகு திரும்ப எழுதினேன், ஏனென்றால் தெரியும்.

அது கோபம் இல்லை. நெஞ்சுக்குள் இருப்பது வெளியே வரப் பார்க்கும். எந்தப் பக்கம் ஓடினாலும் சத்தம் வரும் பக்கமே ஓடுவது போலிருக்கும். யாராவது அக்கறையாகத் தோளைத் தொட்டால் தொட்ட கையைக் கடிக்கத் தோன்றும். போன மாசியில், பதிவு முடிந்துபோன ஒரு பத்திரத்தில் சர்வே எண்ணைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று ஒரு எண்ணம் வந்தது. மேசையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண் சரியாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. நான் யாரையும் கடிக்கவில்லை. கலெக்டருக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் ஊர் கூடியது. பேசியது ராமசாமியின் மகன் தனசேகரன்.

“இன்னொரு சாவுல இது அவுத்துக்கினு வந்துச்சின்னா, அதுக்கு மறுநாள் இது இருக்காது. இப்பவே சொல்லிட்டேன்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். தனசேகரனின் அப்பாவுக்கு எண்பத்தாறு வயது, படுத்த படுக்கை, வீட்டில் வெடிக்குச் சொல்லிவைத்தாயிற்று என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

5

செல்லியம்மாள் கலெக்டரைக் கோணிப்பையில் உட்காரவைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி கால்நடை மருத்துவமனைக்குப் போனார். சின்ன வயது டாக்டரம்மா. நாயை எடை போட்டார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

“சத்தம் எப்பெப்ப வருதும்மா?”

“சாவு வுழுந்தா வருங்க.”

“மாசத்துக்கு எத்தனை தடவை வரும்?”

“அத நான் எப்பிடிங்க சொல்றது.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. (என்னைப் போல் இல்லை.) இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து நிதானமாக விளக்கினார். “இது தினமும் காலையில. உடனே கேக்காது. பிடிக்கறதுக்கு ஆறு வாரம் ஆகும். நடுவுல சத்தம் வந்தா இந்த இன்னொண்ணு. சத்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி குடுத்துடணும். பயந்ததுக்கப்புறம் குடுத்தா பிரயோஜனமில்ல.”

“சாவு ஒன்னர மணி நேரம் முன்ன சொல்லிட்டாங்க வருது?”

டாக்டரம்மாவின் படிப்பில் இந்தக் கேள்வி வரவில்லை. திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், சத்தம் வரும்போது உள்ளே இருட்டு மூலையில் படுக்கப்போட்டு ரேடியோ வையுங்கள் என்றார்.*

* அடுத்து உட்கார்ந்திருந்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. கூடையில் பூனை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பயத்தில் அது வழக்குக் கட்டுகளின் மேல் சிறுநீர் கழிக்கிறதாம், அதுவும் வாதிப் பக்கம் பார்த்துத்தான். பூனைக்கும் அதே தினசரி மாத்திரையைத்தான் கம்மி அளவில் கொடுத்தார் டாக்டரம்மா. இது தனியாக ஒரு கதை. அதன் பின்னால் போக எனக்குக் கை துறுதுறுக்கிறது. போனால் திரும்ப மாட்டேன்.

ஆறு வாரம். வெளியே வந்த செல்லியம்மாள் விரலை மடக்கிப் பார்த்தார். ஆறு வாரம் ஊரில் யாரும் சாகக்கூடாது.

6

செத்தார்கள்.

ஆனால் செல்லியம்மாளுக்கு ஒரு வசதி இருந்தது. எந்த வீட்டில் இழுத்துக்கொண்டிருந்தாலும், சாமானை ரெடியாக வைத்துக்கொள் என்று முதல் போன் பாவாடைக்குத்தான் வரும். பாவாடை வெடிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதே செல்லியம்மாள் மாத்திரையை எடுத்துவிடுவார்.

தினசரி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்தால் கலெக்டர் விழுங்கிவிடும். இந்த அவசர மாத்திரை கசப்பு. சோற்றில் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தனியாகத் துப்பிவைத்தது. கடைசியில் கருவாட்டுத் தலைதான் கைகொடுத்தது. வறுத்த கருவாட்டுத் தலைக்குள் வைத்துக் கொடுத்தால் கேள்வியே கேட்காது.

இரண்டாவது வாரம் கீழத்தெருவில் பெரியம்மாளுக்கு முடியாமல் போனது. பத்து மணிக்குப் போன், பத்தேகாலுக்குக் கருவாடு, ஒரு மணிக்கு உயிர் போனது. கலெக்டர் அடுப்பங்கரை மூலையில் அரைக்கண் மூடி, எச்சில் ஒழுக, எல்லாக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டு முடித்த நிம்மதியோடு படுத்திருந்தது. வெடி போனது. ஒரு காதை மட்டும் அசைத்தது. செல்லியம்மாள் ரேடியோவை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். மூன்றாவது வாரம் அய்யனார் என்ற பெரியவர். அதே போன், அதே கருவாடு, அதே நிம்மதி.

இங்கேதான் ஊர் ஒரு தப்பு செய்தது. போன் வந்ததை யாரும் பார்க்கவில்லை. கருவாட்டு வாசனையைத் தெருவே முகர்ந்தது. சாப்பாட்டு வேளை இல்லாத வேளையில் செல்லி வீட்டில் கருவாடு வறுபட்டால் அன்றைக்கு ஒரு ஆள் போகிறது. இரண்டு தடவை சரியாக நடந்தபிறகு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

புருசனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று ஜெயம்மாள் ஓடிவந்து, “இந்த வாரம் மட்டும் கருவாடு வறுக்காத செல்லி, உனுக்குப் புண்ணியமாப் போவும்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் மற்ற வீடுகளில் கருவாடு வறுப்பதையே நிறுத்திவிட்டார்கள். எலவனாசூர்கோட்டைச் சந்தையில் கருவாட்டுக் கூடைக்காரி, களமருதூர்க்காரர்கள் எல்லாரும் மாலை போட்டுவிட்டார்களா என்று கேட்டாளாம்.

7

நான்காவது வாரம். மாடிவீட்டுக்கு ராமசாமியின் மற்ற பிள்ளைகளும் பெண்களும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து நான்கு நாளாக உட்கார்ந்திருந்தார்கள். லீவு கம்மி. மாடியில் நின்று கீழே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குத் தனசேகரன் பாவாடைக்குப் போன் செய்தார். “அப்பாவுக்கு இழுத்துக்கினு இருக்குது. சாமான் ரெடியா இருக்கட்டும்.”

செல்லியம்மாள் கருவாட்டை வறுத்தார். வாசனை மாடிவீட்டுச் சன்னலுக்குப் போனது. உள்ளே பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். பால் காய்ச்சி வந்தது. பிள்ளைகள் வரிசையாக ஆளுக்கொரு ஸ்பூன் வாயில் ஊற்றினார்கள். ராமசாமி கண்ணைத் திறந்து, ஊற்றிய பாலை முழுவதும் குடித்துவிட்டு, “சக்கர கம்மியா இருக்குது” என்றார்.

மறுநாள் எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள். கருவாடு பொய்த்ததா கிழவர் கெட்டியா என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது.

அன்றைக்கே ராமசாமி செல்லியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வீட்டுக்குள் போகவில்லை. எப்போதும் போல் பின்பக்கம் போய்ச் சன்னலுக்கு வெளியே நின்றார். கட்டில் சன்னலை ஒட்டித்தான் கிடந்தது.

“நேத்து கருவாட்டு வாசன வந்துச்சி, செல்லி. செரி, முடிஞ்சிதுன்னு நெனச்சிக்கினேன்.”

“அது நாயிக்குங்கய்யா. வெடிக்கு பயப்படுது. அதுக்குத்தான் மாத்திர.”

“உனுக்கு எப்பிடித் தெரிஞ்சிது, நேத்து வெடி உண்டுன்னு?”

செல்லியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. “சின்னய்யா போன் பண்ணாருங்க.”

“எத்தினி மணிக்கு?”

“எட்டு மணிக்குங்க.”

ராமசாமி கூரையைப் பார்த்தார். “எட்டு மணிக்கு நான் இட்லி துன்னுக்கினு இருந்தேன்.”

இரண்டு நாள் இந்த வரியிலேயே நின்றேன்.

பிறகு ராமசாமியே பேசினார். “எனக்கும் வெடின்னா ஆவாது. சின்னதுலருந்தே. திருவிழான்னா வயித்துவலின்னு சொல்லிக்கினு உள்ள படுத்துப்பேன். ஆம்பள, அதுவும் இந்த வூட்டு ஆம்பள, வெளிய சொல்ல முடியுமா? உன் நாயி குடுத்து வச்சிது. நடுத்தெருவுல கத்திடுச்சி.” சன்னல் கம்பியைப் பிடித்தார். “அந்த மாத்திரைல எனக்கு ஒண்ணு குடேன்.”

“அய்யய்ய, அது எட போட்டுப் பாத்து நாயிக்குக் குடுத்ததுங்க.”

“நான் மட்டும் இன்னா எட இருக்கப் போறேன்.”

“டாக்டரக் கூட்டியாரச் சொல்லுங்க உங்க மவன. அவுருகிட்ட சொல்லுங்க, இப்பிடி பயமா இருக்குதுன்னு. தருவாரு.”

சொல்ல மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். எண்பத்தாறு வருடமாகச் சொல்லாதது.

அதற்கு மறுநாளிலிருந்து செல்லியம்மாள் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியோடு அந்தச் சன்னலுக்குப் போனார். விசுவாசம் என்று தனசேகரன் நினைத்துக்கொண்டார். செல்லியம்மாள் ராமசாமியிடம் எதையும் மறைக்கவில்லை.

“இன்னும் ரெண்டே வாரந்தாங்கய்யா. பல்லக் கடிச்சிக்கினு இருந்துடுங்க.”

“பல்லு எங்க இருக்குது. யாருக்காவ இருக்கணும்?”

“நாயிக்குத்தாங்க.”

ராமசாமி சிரித்தார். சிரித்துப் புரையேறி, கஞ்சி மூக்கில் வந்தது. நூறு வயசு இருக்கணும் என்று அந்த வீட்டில் எல்லாரும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் நம்பிய காரணம் இது ஒன்றுதான்.

8

எனக்குப் பாவாடை மேல் சந்தேகம். அந்த ஆள் ஒரு வெடியை வைக்காமல் விட்டால் தீர்ந்தது. கதையும் நான்காவது பகுதியிலேயே முடிந்திருக்கும். ஒரு பாத்திரம் செய்யக்கூடிய எளிய காரியத்தைச் செய்யாமல் இருந்தால் அது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால் செல்லியம்மாளிடமே கேட்டேன்.

எங்கே கேட்டேன் என்று சொல்லவில்லை அல்லவா. வேறு கடையில் என் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், பெஞ்சில் அவர். எப்போதும் வாங்கும் கடையில் தீர்ந்துபோனதால்தான் அன்றைக்கு அந்தக் கடைக்கு வந்தாராம். ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பைக் கேட்கவில்லை, கதையைக் கேட்டேன்.

“நானும் ஒரு வாட்டி கேட்டுப் பாத்தேன் சார். ஒரே ஒரு வெடிய வைக்காத வுட்டா இன்னான்னு. திரி நமுத்துப் போச்சின்னு ஊரு சிரிக்கும்டீன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல.”

“ஏன்?”

“சாவு வூட்டுல மொத போனு இவருக்குத்தான் சார் வருது. அன்னிக்கு அந்த வாசல்ல நடுவால நிப்பாரு. இவரு கைய தூக்கினா கூட்டம் ஒதுங்கும். மத்த நாள்ல அதே வாசல்ல இவரு எங்க நிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமில்ல.”

தெரியும். நான் எழுதிய பத்திரங்களில் அந்த வாசலின் அளவு இருக்கிறது. பாவாடை எங்கே நிற்க வேண்டும் என்பது எந்தப் பத்திரத்திலும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

வெடி வைத்த நாளில் பாவாடை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவாராம். கழுவிவிட்டு வேப்பமரத்துப் பக்கம் போய்க் கையை நீட்டுவார். கலெக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போய் நிற்கும். பாவாடை அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார். நாயைக் கூப்பிடக்கூட மாட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் செல்லியம்மாள் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

அவர் பஸ் வந்தது. எழுந்தவர், என் கையிலிருந்த காகிதப் பைக்கு வெளியே தெரிந்த மாத்திரை அட்டையைக் காட்டினார்.

“சாப்புட்டுட்டு போடுங்க சார். வெறும் வயித்துல போட்டா கலெக்டரு வாந்தி எடுக்குது.”

9

அவர் சொன்னது அவ்வளவுதான். அதாவது, பஸ் கிளம்பும்போது ராமசாமி உயிரோடு இருந்தார், ஐந்தாவது வாரம் முடியவில்லை. இதற்கு மேல் நடப்பதெல்லாம் நான் நடத்துவது. பழி என்னைச் சேரும்.

மூன்று முடிவு எழுதினேன்.

செல்லியம்மாள் நாயைப் பஸ் ஏற்றிக் கல்வராயன் மலைக்கே கொண்டுபோய் விடுகிறார். வெள்ளிமலையில் இறங்கியதும் கலெக்டர் காற்றை முகர்ந்து, பிறந்த மண்ணை... இல்லை. மலையிலும் மனிதர்கள் சாகிறார்கள். அங்கேயும் இப்போது வெடி கிடைக்கிறது. தவிர பஸ்ஸில் யார் வாந்தியைத் துடைப்பது.

ராமசாமி என்னைக் கூப்பிட்டு உயில் எழுதுகிறார்: என் சாவுக்கு வெடி கூடாது. இதில் எனக்கும் ஒரு வேடம் கிடைக்கும், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உயிலை எல்லாரும் கருமாதி முடிந்தபிறகுதான் பிரிக்கிறார்கள். வெடி முதல் நாளே போய்விடும். இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆறு வாரம் நல்லபடியாக முடிகிறது, தினசரி மாத்திரை பிடித்துவிடுகிறது, ஏழாவது வாரம் ராமசாமி நிம்மதியாக... நான்கு வரி எழுதினேன். ஐந்தாவது வரியில் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. மாத்திரையால் என்று சொல்லிக்கொண்டேன்.

வேறு வழியில்லை. ராமசாமியை நான் கொல்லத்தான் வேண்டும்.

10

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால். செல்லியம்மாள் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ராமசாமி பாதி டம்ளர் கஞ்சி குடித்திருந்தார். கலெக்டர் நேற்று ஒரு தவளையைப் பார்த்துக் குரைத்ததைச் செல்லியம்மாள் சொல்ல, அவர் சிரிக்க வாயைத் திறந்தார். வாய் திறந்தபடி நின்றது. கண்ணும் நின்றது.

போன் வரவில்லை. யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே செல்லியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும்.

வாசகரே, நீங்கள் நினைப்பதை நானும் நினைத்தேன். அப்படி ஒரு வரியும் எழுதிப் பார்த்தேன். அவர் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். சன்னல் கம்பிக்குள் கையை விட்டு ராமசாமியின் கண்ணை மூடினார். வாயோரத்துக் கஞ்சியை முந்தானையால் துடைத்தார். அழுகை வந்தது. அது நாய்க்காக வந்த அழுகை இல்லை. “சின்னய்யா, ஐயா போயிட்டாருங்க” என்று குரல் கொடுத்தார். பிறகு ஓடினார்.

கருவாடு வறுக்க நேரமில்லை. வேப்பமரத்தடியில் மண்டி போட்டு, கலெக்டரின் வாயைத் திறந்து, நாக்குக்குப் பின்னால் மாத்திரையைத் தள்ளி, வாயை மூடிப் பிடித்துக்கொண்டு தொண்டையை நீவினார். அது விழுங்கியது. விழுங்கிவிட்டு அவரைப் பார்த்தது. சங்கிலியை அவிழ்த்து உள்ளே இழுத்தார், வரவில்லை. அதற்குத் தெருவில் கூட்டம் சேர்வது தெரிந்துவிட்டது. நான்கு காலையும் மண்ணில் ஊன்றி நடுங்க ஆரம்பித்தது.

மாடிவீட்டு வாசலில் பாவாடை வந்து நின்றார். கழனியிலிருந்து ஓடிவந்த சேறு காலில் காயவில்லை. நடுத்தெருவில் அணுகுண்டை வைத்தார். கையில் பற்றிய ஊதுபத்தி. கையைத் தூக்கினார், கூட்டம் ஒதுங்கியது. ஒதுங்கிய வழியில், மாடிவீட்டுப் பக்கச் சந்துக்கு அப்பால், அவருக்கு வேப்பமரம் தெரிந்தது. அடியில் மண்டி போட்டு, நாயை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்த செல்லியம்மாள் தெரிந்தார். செல்லியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்தார்.

“வையி, பாவாடை” என்றார் தனசேகரன்.

பாவாடை குனிந்தார். ஊதுபத்தியைத் திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரியைத் தொடவில்லை. நிமிர்ந்தார்.

“திரி நமுத்துப் போச்சிங்க.”

கூட்டத்தில் முதலில் பச்சமுத்துதான் சிரித்தார். கடிபட்ட கால் இன்னும் கட்டோடு இருந்தது. “இருவது வருசத்துல நமுக்காத திரி.”

“வேற எடு” என்றார் தனசேகரன்.

பாவாடை பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். திரியை விரலுக்கிடையில் வைத்து உருட்டினார். மூக்கில் வைத்து முகர்ந்தார். சித்திரை வெயில், இரண்டு மாதமாக ஒரு பொட்டு மழை இல்லை. அது அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும்.

“இதுவும் நமுத்துக்கினுதாங்க இருக்குது” என்றார் பாவாடை. எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

மூன்றாவதை எடுக்கிறார். தனசேகரன் படியிறங்கிக் கையை ஓங்கிக்கொண்டு வருகிறார். ஓங்கிய கை அங்கேயே நிற்கட்டும். பாவாடையின் மூக்குக்கு அருகே மூன்றாவது திரியும் நிற்கட்டும். அடுத்த வரியை நான் எழுதினால் அந்தக் கை இறங்கும், வேறு எவனாவது ஊதுபத்தியைப் பிடுங்குவான், வெடி போகும். இத்தனை பக்கமாக இந்தக் கதையில் வெடி வைத்துக்கொண்டிருப்பவன் நான்தான். பேனாவை மூடிவிட்டால் என்னை யார் என்ன செய்ய முடியும்?

பத்திரத்தில் இடம் காலியாக இருந்தால் குறுக்கே கோடு போட்டு அடைத்துவிடுவோம். பின்னால் எவனும் உள்ளே புகுந்து எதையும் எழுதிச் சேர்க்கக்கூடாது என்பதற்காக. இங்கே நான் கோடு போடவில்லை. இதற்குக் கீழே இருக்கும் இடம் உங்களுடையது. தனசேகரனை என்ன செய்வீர்களோ, பாவாடைக்கு அந்த வாசலில் எந்த இடம் கொடுப்பீர்களோ, அது உங்கள் பாடு.

ஆனால் உடனே எழுத வேண்டாம். கலெக்டர் மாத்திரையை விழுங்கியது பதினொன்று இருபதுக்கு. பன்னிரண்டு ஐம்பது வரைக்கும் பக்கத்தைப் புரட்டாமல் இருங்கள். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.